தொப்பி விற்றவர், ஆள் வாங்கியவர்

பட்டவன் பிறரைப் படுத்தமாட்டான் என்று நம்புகிறோம். மலையகத்தில் பிறந்த எனக்கு அந்த நம்பிக்கை ஒரு சமயம் மாதிரி. ஆங்கிலேயக் கடலோடி ரொபர்ட் நொக்ஸின் வாழ்க்கை அதை ஆட்டிப்பார்க்கிறது. அதனால்தான் அவரை என்னால் விடமுடியவில்லை.

1660 ஏப்ரலில், திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்தில், ‘ஆன்’ கப்பலின் தலைவரும் அவருடைய பத்தொன்பது வயது மகன் ரொபர்ட்டும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். தகப்பன் மறு ஆண்டே காய்ச்சலில் போய்விட்டார். மகனே அவரைப் புதைத்தார். கண்டி இராச்சியத்தில் மகனுக்கு விலங்கு மாட்டவில்லை. மலையும் காடும் வழிமறித்த கடவத்தைக் காவலும் போதுமாயிருந்தன. ஊரார் சோறு போடவேண்டும் என்பது அரசன் கட்டளை. உடுதுணிக்கு என்ன செய்வது? நொக்ஸ் பருத்தி நூலில் தொப்பி பின்னி விற்றார். ஆளாளுக்குப் பின்னத் தொடங்கியதும் விலை விழுந்தது. பிறகு நெல்லைக் கடன் கொடுத்தார். ஆண்டுக்கு 50 வீதம் வட்டி, ஊர் வழக்கப்படி. அதையும் விட்டார். வட்டி பாவம் என்று விடவில்லை, அறவிடுவது பெரும்பாடாக இருந்ததால் விட்டார். கடைசியில் புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் எல்லாம் மூட்டை கட்டி ஊர் ஊராகப் போனார்.

   

நொக்ஸ் பக்தர். தகப்பன் இறந்து கொஞ்ச காலத்தில், அவர் ஓடையில் மீன் பிடித்துக்கொண்டிருக்கையில், அந்தப் பக்கமாக வந்த ஒரு கிழவர் தன்னிடம் ஒரு புத்தகம் இருப்பதாகச் சொன்னார். ஆங்கில வேதாகமம்! எத்தனையோ கை மாறி அந்த மலைக்கு வந்திருந்த புத்தகம். ஒரு தொப்பிக்கு அதை வாங்கினார். திறந்ததும் கண்ணில் பட்டது, சிறையில் கிடந்த பவுலிடம் சிறைக்காவலன் கேட்ட கேள்வி: இரட்சிக்கப்பட நான் என்ன செய்யவேண்டும்? கைதி ஒருவரின் கைக்கு அந்தப் பக்கம் வந்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

1679-ல் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழருடன், வியாபாரம் போகிற சாக்கில் வடக்கே நழுவி, அநுராதபுரம் கடந்து, ஆற்றோரமாகவே காட்டில் நடந்து, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். பத்தொன்பது ஆண்டுச் சிறை முடிந்தது. 1681-ல் புத்தகம் எழுதிப் பேர் வாங்கினார். கிழக்கிந்தியக் கம்பனி அவரைக் கப்பல் தலைவராக்கியது. 1684-ல் சென் ஹெலினா தீவுக்கு அடிமைகள் வாங்கிவர அவரை மடகஸ்காருக்கு அனுப்பியது. போனார்.

சைவ சித்தாந்தம் படித்த எனக்கு இது அதிர்ச்சி தரக்கூடாது. அனுபவித்தால் கன்மம் கழியும். அனுபவித்ததனால் மட்டும் ஆணவம் கழியாது, அதற்குப் பரிபாகம், அதாவது பக்குவம், வேண்டும் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனாலும் பத்தொன்பது ஆண்டு போதாதா என்று மனம் கேட்கிறது. அவர் பட்டதை மறந்தவரும் அல்ல. ஒவ்வொன்றையும் எழுதிவைத்தவர். அரசன் தன் குடிகளைப் படுத்தியதையும் கண்டு எழுதியவர். கடவுள் தன்னை மீட்டார் என்று நம்பினார். அந்த மீட்பை அவர் தனக்கென்று வந்த வரவாகவே வைத்துக்கொண்டார் என்று எனக்குப் படுகிறது.

அவர் தப்பிப்போன அரிப்புக் கரையும் அந்த வடக்குக் காடும் எங்களுக்கும் தெரிந்தவை. இரு நூற்றாண்டுக்குப் பின் எங்கள் மலையகச் சனம் தோட்டவேலைக்காக மன்னார்க் கரையில் இறங்கி, எதிர்த்திசையில், தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தது. என் கொள்ளுப்பாட்டனார் சிறுபையனாக அப்படி நடந்தவர். வழியில் வாந்திபேதியில் போன சித்தியைக் காட்டிலேயே விட்டுவந்தார்கள். வளர்ந்து கம்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆள் சேர்க்கும் கங்காணியானார். ஊருக்குத் திரும்பிப்போய், முன்பணம் கொடுத்து, சொந்தக்காரரையே கூட்டிவந்தார். அவருடைய கணக்குக் கொப்பியை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நீள வாக்கில் மடித்த தாள், கறையான் தின்ற ஓரம். வழிச்செலவு, கம்பளி, அரிசி, பிள்ளைக்கு மருந்து. ஒவ்வொன்றுக்கு எதிரேயும் ரூபாய் சதம். நடுவில் அவருடைய சொந்தத் தம்பியின் பெயர், மற்றவர்களைப் போலவே, கடனோடு. தம்பி தோட்டம் மாற நினைத்தால் அந்தக் கடனைத் துண்டில் எழுதித்தான் புதுத் தோட்டத்துக்கு அனுப்புவார்கள். அங்கே கட்டினால்தான் ஆளை விடுவார்கள்.

உறவு இருந்தால் இரக்கம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். கொப்பி அதையும் பொய்யாக்கிற்று. இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: மனிதரை வரவுசெலவில் ஏற்றிய கணத்தில், பட்ட பாடு உதவிக்கு வருவதில்லை. நொக்ஸ் உடுநுவரையில், எலதத்தயில் நிலம் வாங்கி வீடு கட்டியிருந்தபோது லூசியா என்ற சிறுமியை வளர்த்தார். இன்னொரு ஆங்கிலக் கைதிக்கும் ஊர்ப் பெண்ணுக்கும் பிறந்தவள். தப்பிப்போகும்போது அவளை விட்டுத்தான் போனார். ஆனால் அந்த நிலத்தை அவளுக்கே எழுதிவைத்தார். அவள் அவருக்கு எந்தக் கணக்கிலும் ஏறாதவள். மடகஸ்காரில் வாங்கிய மனிதர்கள் கம்பனிப் பேரேட்டில் சரக்காக ஏறியவர்கள். இரு தரப்பாரிடமும் அப்படி நடந்துகொண்டது ஒரே மனிதர், ஒரே வேதாகமத்தை வாசித்தவர்.

துண்டு முறையை 1921-ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அதற்கு முன்பு கொள்ளுப்பாட்டனார் தானாக மனமிரங்கி யாருடைய கடனையாவது கொப்பியில் வெட்டியதாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.