குறையைச் சொல்லி விற்பவனுக்கே பரக்கத்து

 

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

நான் ஆலிம் அல்ல. ஊர் மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே என்னுடைய கல்வி. மாக் மண்டின் தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில் மளிகைக் கடை வைத்துப் பிழைக்கிறேன். இந்த மாதப் பக்கத்துக்கு எழுதும்படி சங்கத்தார் கேட்டபோது, என் வீட்டில் நடந்ததையே எழுதத் துணிந்தேன். மானம் போகிற விஷயம்தான். ஆனால் இதே கஷ்டம் நம் ஜமாஅத்தில் வேறு சில வீடுகளிலும் இருப்பதை அறிவேன். அவர்கள் வாய் திறக்க வெட்கப்படுகிறார்கள். ஆகவே நான் திறக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் மூத்த மகன், விடுதியில் நடந்த வாய்ச்சண்டையில் இன்னொரு மாணவனைக் கைநீட்டி அடித்துவிட்டான். ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரித்தது. இரண்டு செமஸ்டருக்கு அவனைக் கல்லூரியிலிருந்து நீக்கி வைத்துக் கடிதம் வந்தது. கடை விலாசத்துக்கு வந்த அந்தக் கடிதத்தை, வாடிக்கைக்காரர் ஒருவருக்குச் சீனி நிறுத்துக்கொண்டிருக்கும்போதே பிரித்தேன். அன்று எத்தனை கிலோ நிறுத்தேனோ, இன்றுவரை எனக்கு நினைவில்லை.

அந்தக் கல்லூரிக்குத் திரும்பிப் போக அவனுக்கு மனமில்லை. வேறு கல்லூரிக்கு விண்ணப்பம் போடலாம் என்று பாரம் வாங்கி வந்தான். அதில் ஒரு கேள்வி இருந்தது. இதற்கு முன் படித்த இடத்தில் உம்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டதா, ஆம் எனில் விவரம் தருக என்பது அக்கேள்வி. அடியில் தகப்பன் கையெழுத்திடவும் ஓர் இடம் இருந்தது.

என் நலம் நாடும் வியாபாரி ஒருவர் சொன்னார்: “பாய், அந்தக் கல்லூரிக்கும் இந்தக் கல்லூரிக்கும் என்ன சம்பந்தம்? இல்லை என்று எழுதிப் போடுங்கள். யார் போய்த் தேடப் போகிறார்கள்?”

உண்மையைச் சொல்கிறேன். நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

அப்போது கடை வாசலில் இரண்டு மூட்டை அரிசி தனியே கிடந்தது. முதல் நாள் மழையில் கூரை ஒழுகி நனைந்தவை. நனைந்தது என்று அட்டையில் எழுதி வைத்துப் பாதி விலைக்கு விற்கும்படி கடைப் பையனிடம் காலையில் நானே சொல்லியிருந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன்? மதரஸாவில் ஓதிய ஒரு ஹதீஸ் மனத்தில் பதிந்திருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் மதீனத்துக் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டார்கள். மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள்.

அரிசி மூட்டையில் ஈரத்தை மேலே வைத்த நான், என் பிள்ளையின் விண்ணப்பத்தில் ஈரத்தை உள்ளே வைக்கப் பேனாவைத் திறந்திருந்தேன். வெட்கத்தால் கை நடுங்கியது. பேனாவை மூடிவிட்டேன்.

சகோதரர்களே! இங்கே ஒரு சந்தேகம் எழலாம். பாவத்தை மறைப்பதல்லவா மார்க்கம், குற்றத்தைப் பறைசாற்றலாகாது என்றல்லவா ஓதியிருக்கிறோம் என்று சிலர் கேட்பார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. நம் ஹஸரத்திடம் போய்க் கேட்டேன். அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான பாவத்தை மறைத்துத் தௌபாச் செய்ய வேண்டியதுதான். ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒருவன் உன்னுடன் ஒப்பந்தம் செய்ய வந்து, அந்த ஒப்பந்தத்துக்குச் சம்பந்தமான குறை உண்டா என்று நேருக்கு நேர் கேட்கும்போது, இல்லை என்று கையெழுத்திடுவது பொய்ச் சாட்சி என்று அவர்கள் விளக்கினார்கள். கேட்காத இடத்தில் வாயைக் காத்துக்கொள். கேட்ட இடத்தில் உண்மையைச் சொல். வியாபாரிகளாகிய நமக்கு இந்த வித்தியாசம் புரியாததா?

கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்களின் சரித்திரத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 630இல், தபூக் யுத்தத்துக்கு நாயகம் (ஸல்) அவர்கள் புறப்பட்டபோது, இவர்கள் நாளை போகலாம், நாளை போகலாம் என்று தாமதித்து மதீனாவிலேயே தங்கிவிட்டார்கள். படை திரும்பியதும், பின்தங்கிய எண்பதுக்கும் அதிகமானோர் வந்து ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவற்றை ஏற்று, அவர்களின் உள்ளத்தை அல்லாஹ்விடம் விட்டுவிட்டார்கள். கஅபு (ரலி) அவர்களோ நல்ல பேச்சுத்திறன் உள்ளவர்கள்; சாக்குச் சொல்லத் தெரியாதவர்கள் அல்லர். ஆயினும், தமக்கு எந்தக் காரணமும் இல்லை, தவறு தம்முடையதே என்று ஒப்புக்கொண்டார்கள்.

அதற்குக் கிடைத்தது என்ன? 50 நாள் விலக்கு. யாரும் அவர்களுடன் பேசக்கூடாது. பொய் சொன்னவர்கள் நிம்மதியாக வீடு போய்ச் சேர, உண்மை சொன்ன மூவர் மட்டும் தண்டனைக்கு ஆளானார்கள். உண்மை சொன்னால் உடனே லாபம் வரும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வரவில்லை. நஷ்டமும் வரும்.

அந்த நாட்களில் அவர்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கவில்லை. பள்ளிவாசலுக்குப் போனார்கள், கடைத்தெருவில் நடந்தார்கள். ஒருநாள் ஷாம் தேசத்திலிருந்து தானியம் விற்க வந்த ஒருவன், கஸ்ஸான் அரசனின் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். உம்முடைய தலைவர் உம்மை வெறுத்து ஒதுக்கிவிட்டாராம், எங்களிடம் வாரும், உம்மை ஆதரிப்போம் என்பது அதன் சாரம். இதுவும் ஒரு சோதனையே என்று கூறி, அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டு எரித்துவிட்டார்கள். ஐம்பதாம் நாள் மன்னிப்பு இறங்கியது. அந்த மூவரைப் பற்றி அத்தவ்பா அத்தியாயத்தின் 118ஆம் வசனம் இன்றும் உலகெங்கும் ஓதப்படுகிறது. சாக்குச் சொன்ன எண்பது பேருக்கு அந்தப் பாக்கியம் எங்கே?

அப்படியானால் வேறு கல்லூரிக்குப் போவதே கஸ்ஸான் அரசனிடம் ஓடுவதாகுமோ? ஆகாது. இடம் மாறுவது குற்றமல்ல; குறையை மறைத்துக்கொண்டு மாறுவதே குற்றம். இதற்கு நம் பாட்டன்மார் அறிந்த ஒருவரின் வாழ்க்கையே உதாரணம். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றாரே, அந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ்தான் அவர்.

1916இல் கல்கத்தா பிரெசிடென்ஸிக் கல்லூரியில் ஓட்டன் என்ற சரித்திரப் பேராசிரியரை மாணவர்கள் தாக்கினார்கள். அதன் தொடர்பாகப் போஸ் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். வேறிடத்தில் படிக்க அனுமதி கேட்டும் சர்வகலாசாலை மறுத்துவிட்டது. விசாரணைக் குழுவின் முன், அடித்தது நியாயமல்ல, ஆனால் மாணவர்களுக்குக் கடுமையான ஆத்திரமூட்டல் இருந்தது என்று அவர் இரண்டையும் சொன்னார். பிறகு கட்டாக்கிலுள்ள தம் வீட்டுக்குத் திரும்பி, அங்கே காலரா நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். 1917இல் கல்கத்தா வந்து, ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியின் டாக்டர் அர்க்குஹார்ட்டிடம் நேரே போய், தாம் நீக்கப்பட்ட மாணவன் என்பதைச் சொல்லியே இடம் கேட்டார். பழைய கல்லூரிக்கு ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம் வாங்கிவரும்படி அவர் சொன்னார். தமையனார் சரத் சந்திர போஸ் முன்னின்று உதவினார். பழைய கல்லூரியின் புதிய தலைவர் சுபாஷையே அழைத்து நடந்ததை எல்லாம் துருவித் துருவிக் கேட்டு, முடிவில் சம்மதித்தார். 1919இல் தத்துவ பாடத்தில் முதல் வகுப்பில் தேறினார் அந்த மாணவர். இவ்வளவையும் தம் சுயசரிதத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இதில் ஒவ்வொரு படியும் நமக்குப் பாடம். என் வீட்டில் நாங்கள் செய்ததையும் சொல்கிறேன்.

முதலாவது, அடிபட்ட பிள்ளையின் வீட்டுக்கு நானும் மகனும் போனோம். அடியார்களின் ஹக்கை அந்த அடியாரே மன்னிக்க வேண்டுமல்லவா? அவர்கள் நம் மார்க்கத்தவர் அல்லர். ஆயினும் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். என் மகன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டபோது, அந்தத் தாயார் அழுதார், நானும் அழுதேன்.

இரண்டாவது, தண்டனைக் கடிதத்தை முழுவதும் வாசித்தோம். எந்தக் குற்றம், எந்தத் தேதிவரை, மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் அவகாசம் என்பதை எல்லாம் குறித்துக்கொண்டோம். தண்டனை அநியாயம் என்று எண்ணுகிறவர்கள் தவணைக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். எங்கள் விஷயத்தில் தண்டனை நியாயமே, ஏற்றுக்கொண்டோம்.

மூன்றாவது, அந்த மாதங்களில் அவனைச் சும்மா படுக்க விடவில்லை. ஸுபுஹு தொழுததும் கடை திறந்து மூட்டை இறக்கினான்; இரவில் பாடப் புத்தகம் எடுத்தான்.

நான்காவது, பழைய கல்லூரியில் மதிப்பெண் பட்டியலும், பாக்கி ஏதுமில்லை என்ற கடிதமும் வாங்கினோம். புதிய கல்லூரியில், முன் படித்த பாடங்களில் எத்தனையை ஏற்பார்கள் என்பதைக் கட்டணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டோம். பிறகு பாரத்தில் ‘ஆம்’ என்று எழுதி, அதனுடன் ஒரு பக்கக் கடிதம் இணைத்தான். என்ன நடந்தது, அதில் என் தவறு எது, அதன்பின் நான் செய்தது என்ன என்ற மூன்றே விஷயம். அவனே எழுதினான். நான் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

முதல் கல்லூரி மறுத்துவிட்டது. அன்றிரவு என் மகன், “அத்தா, இல்லை என்று எழுதியிருந்தால் இடம் கிடைத்திருக்குமே?” என்று கேட்டான். “கிடைத்திருக்கும். ஆனால் பட்டம் வாங்கும் நாள்வரை கதவு தட்டும் சத்தம் கேட்டாலே நீ நடுங்குவாய்” என்றேன். பொய் விவரம் தெரியவந்தால் சேர்க்கை ரத்தாகும் என்று பாரத்தின் அடியிலேயே அச்சிட்டிருந்ததல்லவா? இரண்டாவது கல்லூரி நேரில் அழைத்து, அவனையும் என்னையும் ஒரு மணி நேரம் விசாரித்து ஏற்றுக்கொண்டது. நான்கு பாடங்களை மறுபடி படிக்க வேண்டியதாயிற்று. ஓராண்டு போயிற்று, பணமும் போயிற்று. ஆனால் இப்போது அவனிடம் மறைக்க ஒன்றுமில்லை. அல்ஹம்து லில்லாஹ்.

கடைசியாக, ஜமாஅத்தாராகிய நமக்கு ஒரு வார்த்தை. மன்னிப்புப் பெற்ற கஅபு (ரலி) அவர்கள் பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது, தல்ஹா (ரலி) அவர்கள் எழுந்து ஓடிவந்து கைகொடுத்து வாழ்த்தினார்கள். முஹாஜிர்களில் வேறெவரும் அப்படி எழுந்து வரவில்லை. அந்த ஒரு கைகுலுக்கலைக் கஅபு (ரலி) அவர்கள் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. நாமோ, ஒரு பிள்ளை தவறிவிட்டால் தேநீர்க் கடையிலும் வாட்ஸ்அப்பிலும் அதையே பேசுகிறோம். அந்தப் பேச்சுக்குப் பயந்துதானே தகப்பன்மார் பேனாவை எடுத்து ‘இல்லை’ என்று எழுதத் துணிகிறார்கள்? வருகிற ஜும்ஆவில் அப்படி ஒரு பிள்ளை கடைசி வரிசையில் ஒதுங்கி நின்றால், எழுந்து போய் அவன் கையைப் பிடியுங்கள்.

நம் பிள்ளைகளின் பிழைகளைப் பொறுத்து, நம் வியாபாரத்திலும் வாக்கிலும் உண்மையை நிலைநிறுத்தி, ஹலாலான ரிஸ்கில் வல்ல ரஹ்மான் பரக்கத்துச் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.