அஞ்சும் பிள்ளையும் கல்வியும்

இரணியன் இழைத்த கொடுமைகளுக்கிடையே கலங்காது நின்ற பிரகலாதாழ்வானைப் போற்றுகிறோம், தகும். ஆயின் அவ்வுறுதியைப் போர்க்காலத்துப் பள்ளிச் சிறுவரிடம் எதிர்பார்த்தல் அறமாகுமோ?

உக்ரைன் நாட்டில், ரஷ்ய எல்லைக்கருகேயுள்ள கார்கிவ் நகரில், 2023 செப்டம்பரில் சுரங்க ரயில் நிலையங்களிலே வகுப்புகள் தொடங்கின. 2024-இல் நிலத்தடிப் பள்ளியே திறக்கப்பட்டது. கூடிக் கற்க இடம் கிடைத்தது. ஆனால் இரவெல்லாம் அபாயச் சங்கொலி கேட்டு உறக்கமிழந்த குழந்தைக்குக் காலையில் கணக்கு மனத்தில் பதியுமோ? பதியாமை சோம்பலன்று, அச்சம் ஆட்கொண்டவிடத்து நினைவும் கவனமும் தளர்வது உடலின் இயல்பு. அதற்காகப் பிள்ளையை வெருட்டுவோர் சண்டாமர்க்கர் வழியினரே. (அவர்களும் பாவம், அரசனுக்கு அஞ்சியவர்கள்தாம்!)

ஸ்ரீமத் பாகவதம் காட்டும் முறைமை வேறு. தூணினின்று தோன்றிய நரசிங்கப் பெருமான், தம் திருவடியில் வீழ்ந்த பிள்ளையைத் தூக்கியெடுத்து, முதலில் அவன் தலைமேல் திருக்கையை வைத்தருளினார். அதன் பின்னரே அவன் வாயில் துதி பிறந்தது.