இரண்டு சாட்சிகள்

சகோதரர்களே! ஜெனீவா நகருக்கருகில், பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் வட்டச் சுரங்கத்தில் ஒரு யந்திரம் இருக்கிறது. அணுக்கருவிலுள்ள புரோட்டான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓட்டி, எதிரெதிரே மோதவிட்டு, சிதறுவதைக் கொண்டு பொருளின் மூலத்தை ஆராய்கிறார்கள்.

1964-இல் பீட்டர் ஹிக்ஸ் முதலிய விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்ன துகளை அங்கே தேடினார்கள். அடையாளம் தென்பட்டதும் பறைசாற்றிவிடவில்லை. அட்லஸ், சி.எம்.எஸ். என்னும் இரு குழுவினர் தனித்தனிக் கருவிகளால் சோதித்தனர். வெறும் தற்செயல் அவ்விதம் தோற்றம் காட்டுவது சுமார் 35 லட்சத்தில் ஒன்றே என்னுமளவுக்கு உறுதிப்பட்ட பின்னரே, 2012 ஜூலை 4-ஆம் நாள் அறிவித்தனர்.

கண்ணுக்குத் தெரியாத துகள் விஷயத்தில் இத்தனை நிதானம்! நாமோ, “இன்னார் கடன் கட்டமாட்டாராம்” என்று ஒருவர் சொன்னதுமே கடைத்தெரு முழுதும் பரப்பிவிடுகிறோம். கொடுக்கல் வாங்கலுக்குச் சாட்சி வைக்கச் சொன்ன திருமறை, வந்த செய்தியைத் தீர விசாரிக்கவும் சொல்கிறதே!

வியாபாரிக்கு ஜாக்கிரதை வேண்டாமா என்பீர்கள். வேண்டும். சந்தேகமிருந்தால் சரக்கை நிறுத்தி வைக்கலாம். அது நம் முதலைக் காப்பது. விசாரிக்காமல் ஒருவரை மோசக்காரர் என்பதோ தீர்ப்புச் சொல்வது. மோதலை யந்திரத்தில் மறுபடி நடத்திப் பார்க்கலாம். போன நாணயத்தை மீட்பது எளிதன்று.

வல்ல அல்லாஹ் நம் நாவைக் காப்பானாக!