பந்தலுக்குக் காவல் நிற்பவர் யாருக்குக் காவல்?

கந்தூரிச் சாப்பாடு போடுகிற இடத்திலேகூடப் பந்தி விசாரிக்கவும் வாசலைப் பார்த்துக்கொள்ளவும் நாலு பேர் வேண்டியிருக்கிறது. பல்லாயிரம் ஜனங்கள் ஒரு குறையை முறையிடுவதற்காகத் தெருவிலோ திடலிலோ பந்தல் போட்டு, இரவும் பகலும் அங்கேயே தங்கிவிடுகின்றபோது தொண்டர்கள் இல்லாமல் ஒரு நாழிகையும் நடவாது. ஆம்புலன்சுக்கு வழி விட வேண்டும். மயங்கி விழுந்தவரைத் தூக்க வேண்டும். பெண்கள் இருக்கும் பகுதியைக் கவனிக்க வேண்டும். குப்பையை அள்ள வேண்டும். இவற்றில் தர்க்கத்துக்கு இடமில்லை. நாம் இங்கே கேட்க விரும்புவது வேறு. கையில் ஒரு துணிப்பட்டையைக் கட்டிக்கொண்டு நிற்கும் இளைஞருக்கு, போகிறவர் வருகிறவரைப் பார்த்து "நில்லுங்கள்" என்று சொல்லும் உரிமை எங்கிருந்து வந்தது? சர்க்கார் அவருக்குச் சன்னது தரவில்லை. சட்டம் அவர் கையில் தடி தரவில்லை. (ஊதல் ஒன்று கிடைத்துவிட்டால் சிலருக்குக் குரலே மாறிவிடுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம்.) அவர் யாருக்குக் காவல்?

"தம் கூட்டத்தாருக்கு" என்று பலரும் உடனே விடை பகர்வர். அந்த விடை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. நமது பினாங்கு நகரமே சாட்சி.

1867ஆம் ஆண்டிலே இவ்வூர் முஸ்லிம்களிடையே, மலாய்க்காரரும் நம்மவரும் கலந்து, வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்று இரு சங்கங்கள் இருந்தன. மரணம் நேர்ந்த வீட்டுக்கு உதவுவது, முஹர்ரம் ஊர்வலங்களை நடத்துவது, அங்கத்தினருக்கு ஆபத்து வந்தால் துணை நிற்பது முதலியவையே அவற்றின் வேலை. இதிலே குற்றம் என்ன என்று தோன்றும். அயலூரில் பிழைக்க வந்தவனுக்கு அத்தகைய துணை ஒரு பெரிய பாக்கியம். ஆனால் "நம்மவருக்குத் துணை" என்பதைத் தவிர வேறு அளவுகோல் எதுவும் அவர்களிடம் இல்லாமற் போயிற்று. வெள்ளைக் கொடியார் சீனரின் கீ ஹின் சங்கத்தோடும், சிவப்புக் கொடியார் தோ பே கோங் சங்கத்தோடும் கூட்டுச் சேர்ந்தனர். ஒரு ரம்புத்தான் தோலை எறிந்ததில் சண்டை மூண்டது என்று சொல்லும் கதையும் உண்டு. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் சுமார் பத்து நாள் இந்நகரம் போர்க்களமாயிற்று. ஆர்மீனியன் தெருவையும் அதன் சுற்றுப்புறத்தையும் கடந்து போகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். கேனன் தெருவுக்கு அப்பெயர் வந்ததே அந்நாட்களின் பீரங்கியால்தான் என்பர். சீனரைச் சீனரும் முஸ்லிமை முஸ்லிமும் வெட்டிக்கொண்டனர். தடியோடு புறப்பட்ட ஒவ்வொருவரும், தம் ஆளைக் காப்பாற்றவே போவதாகத்தான் எண்ணியிருப்பர். 1868இல் விசாரணைக் குழுவும், 1869இல் அபாயகரமான சங்கங்களை அடக்குவதற்கான சட்டமும் வந்தன. பிணப்பெட்டி சுமக்கத் தோன்றிய தோழமை, பிணப்பெட்டிகளை உண்டாக்கியபின் சர்க்கார் சும்மா இருக்குமா?

இதற்குச் சரியாக நூறு வருஷங்கள் கழித்து வந்த ஹர்த்தால், கடைக்காரர்களாகிய நமக்கு இன்னும் நெருக்கமான விஷயம். 1967 நவம்பரில் பிரிட்டிஷ் பவுனின் மதிப்பு குறைக்கப்பட்டபோது, பழைய மலாயா நோட்டுகள் டாலருக்கு 85 காசாகிவிட்டன. பாங்கியை நம்பாமல் பெட்டியிலும் தலையணையிலும் பணம் வைத்திருந்த ஏழைகளும் சில்லறை வியாபாரிகளுமே பெரிதும் அடிபட்டனர். குறை நியாயமானது. நவம்பர் 24ஆம் தேதி பினாங்கில் தொழிற்கட்சி ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுத்தது. அது கலகமாகி, பிறகு இனச் சண்டையாகி, ஊரடங்குச் சட்டத்தில் முடிந்தது. கடையடைப்பு என்பதன் பொருள், கடைக்காரர் தாமே மனமொப்பிக் கதவைச் சாத்துவதுதான். அஞ்சடியில் நாலு பேர் வந்து நின்று, "ஐயா, இன்று கடை உண்டா?" என்று மரியாதையாகவே கேட்டாலும், அவர்கள் முகத்தைப் பார்த்துக் கதவு சாத்தப்பட்டால் அது ஹர்த்தால் ஆகாது. அந்த நாலு பேருக்குத் தொண்டர் என்ற பெயரும் பொருந்தாது.

ஆகவே நமது கருத்து இது: தொண்டருக்குப் பிறர்மேல் எவ்வித உரிமையும் கிடையாது. அவரிடம் இருப்பது ஊரார் நம்பிக் கொடுத்த அமானத். கூட்டத்தின் ஆத்திரத்திலிருந்து பிறரைக் காப்பதே அவருடைய முதல் வேலை. பிறரிடமிருந்து கூட்டத்தைக் காப்பது அதற்கு அடுத்ததுதான். பந்தலுக்குள் வந்துவிட்டவர் நண்பரானாலும் பகைவரானாலும் அவர் பொறுப்பில் வந்தவராகிறார். உறவினருக்கு ஒரு எடையும் அயலாருக்கு ஒரு எடையும் காட்டுகிற தராசை நம் கடையில் வைத்திருப்போமா?

டில்லி ஷாஹீன் பாகில் 2019 டிசம்பர் 15இலிருந்து 2020 மார்ச் 24 வரை, குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் பெண்கள் சாலையிலே அமர்ந்திருந்தார்கள். சாலையோரக் கடைகள் பல வாரங்கள் மூடிக் கிடந்தன. அந்த வியாபாரிகளின் நஷ்டத்தை நாம் மறந்துவிடக் கூடாது. பிப்ரவரி 1ஆம் தேதி ஒருவர் அருகே வந்து துப்பாக்கியால் சுட்டார். நல்லவேளையாக எவருக்கும் காயமில்லை. அதற்கு நாலு நாள் பின்பு, பர்தா அணிந்து வந்த ஒரு பெண், மறைத்து வைத்திருந்த காமிராவால் படம் எடுப்பது தெரியவந்தது. துப்பாக்கி வெடித்த இடத்தில், கூட்டம் எவ்வளவு கொதித்திருக்கும்! ஜனங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டனர். முடிவில் போலீஸார் அவரை அழைத்துச் சென்றனர். தொண்டரின் யோக்கியதை அத்தகைய கால்மணி நேரத்தில்தான் தெரியும். துப்பாக்கிக்காரரிடமிருந்து கூட்டத்தைக் காக்க ஆயிரம் பேர் முன்வருவர். கூட்டத்திடமிருந்து அந்தப் பெண்மணியைக் காக்க யார் முன்வருவர்?

"ஒற்றனுக்கு மாலை போட வேண்டுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். வெளியே கொண்டுபோய் விட்டுவிடலாம், போலீஸாரிடம் ஒப்படைக்கலாம். ஆனால் போலீஸாரே பார்த்துக்கொண்டு நின்றால் என்ன செய்வது? இந்தக் கேள்வி சுலபமானதல்ல. இலங்கையிலே 2022 ஏப்ரல் 9ஆம் தேதி கொழும்பு காலி முகத்திடலில் தொடங்கிய போராட்டக் களம், ஒரு மாதம் அமைதியாகவே நடந்தது. ரமலானில் அங்கே நோன்பும் திறந்தார்கள். மே 9ஆம் தேதி, பிரதமரின் அலரி மாளிகையில் கூடிய ஆதரவாளர்கள் திரண்டு வந்து கூடாரங்களை இடித்து, இருந்தவர்களை அடித்தனர். ஆதியில் தவறு யாருடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்று மாலைக்குள் நாடெங்கும் ஆளுங்கட்சியாரின் வீடுகள் எரிந்தன. நிட்டம்புவவில் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் உயிரிழந்தார். களத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அதைச் செய்தார்கள் என்று சொல்லுவது அபாண்டம். ஆயினும் தொண்டரின் வேலை எந்த எல்லையில் முடிகிறது என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது. அடி விழும்போது குறுக்கே கைகோத்து நிற்கலாம். பெண்களையும் குழந்தைகளையும் அப்புறப்படுத்தலாம். அடித்தவரைத் துரத்திக்கொண்டு அடுத்த தெருவுக்குள் நுழைந்தவுடன் அவர் தொண்டர் அல்லர்.

அதே போராட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. ஜூலை 9ஆம் தேதி ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனங்கள் நுழைந்தபோது, அங்கே ஒரு கோடியே 78 லட்சம் ரூபாய்க்கு மேல் ரொக்கம் அகப்பட்டது. இளைஞர்கள் அதை எண்ணிப் போலீஸாரிடம் ஒப்படைத்தனர். பணத்தை எண்ணிப் பழகிய நம் போன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நம் மனம் சார்ந்த பக்கத்தையும் விட்டுவிடாமல் பேசுவதே நியாயம். பலஸ்தீன மக்களின் துயரை முன்னிட்டு 2024 ஏப்ரலில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர் கூடாரம் அடித்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் ஏப்ரல் 30 இரவு ஒரு கும்பல் வந்து தாக்கியபோது, போலீஸார் தலையிட மணிக்கணக்காயிற்று. அதுவரை மாணவர்கள் தாங்களே பலகைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய தைரியத்தை நாம் போற்றுகிறோம். அங்கேயே, சில வழிகளில் தங்களைப் போகவிடவில்லை என்று சில யூத மாணவர்கள் வழக்காடினர். அத்தகைய விலக்கலுக்குப் பல்கலைக்கழகம் இடம் தரலாகாது என்று ஆகஸ்டில் நீதிபதி ஒருவர் இடைக்கால உத்தரவிட்டார். அந்தத் தீர்ப்பைப் பற்றி அங்கே பலவாறு பேசிக்கொள்கிறார்கள். நமக்கு ஒன்று தெளிவு. பொது வழியில் நின்றுகொண்டு, "நீ எங்கள் கொள்கையை ஏற்கிறாயா?" என்று கேட்டு வழி விடுவது, கொடிச் சங்கத்தின் வேலை. நியாயம் நம் பக்கம் இருப்பதனாலேயே வழி நமக்குச் சொந்தமாகிவிடாது.

இத்தகைய கட்டுப்பாடு மனிதரால் ஆகக்கூடியதா என்று சிலர் ஐயுறலாம். கான் அப்துல் கபார் கான் 1929இல் தொடங்கிய குதாயி கித்மத்கார் இயக்கத்தில் சேர்ந்தவர்கள், துப்பாக்கியோடு பிறந்து வளர்ந்த பட்டாணியர். ஆயுதம் எடுப்பதில்லை, பழி வாங்குவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு, சிவப்புச் சட்டை அணிந்து அணிவகுப்புப் பழகினர். 1930 ஏப்ரல் 23ஆம் தேதி பெஷாவரின் கிஸ்ஸா கவானிக் கடைவீதியிலே, நிராயுதபாணியாகக் கூடிய ஜனங்களைப் படை சுட்டது. அன்று கட்டளைக்கு அடிபணிய மறுத்தவர்கள் எதிர்வரிசையில் நின்ற கார்வால் சிப்பாய்களே! பட்டாணியரால் முடிந்தது பினாங்குவாசிகளால் முடியாதா?

நம் நாட்டில் 2015 ஆகஸ்டு 29ஆம் தேதி பெர்சே இயக்கத்தார் கோலாலம்பூரில் கூடி, இரவு தார்ச்சாலையிலேயே படுத்துறங்கி, 34 மணி நேரம் இருந்தனர். தேசிய தினம் பிறக்கும் நள்ளிரவில் தேசிய கீதம் பாடிக் கலைந்தபோது, வந்தவர்களிலேயே பலர் குப்பைப் பைகளை எடுத்துக்கொண்டு தெருவைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். விடிந்ததும் அங்கே அணிவகுப்பு நடக்க வேண்டியிருந்தது.