கண்டோம் என்னும் சொல்

மார்கழி மாதத்து முன்னிரவில் நொச்சிக்குப்பத்துக் கடற்கரையில் நிற்போர்க்குக் கிழக்கே கடலின்மேல் செந்நிறமாய் எழும் திருவாதிரை விண்மீன் புலப்படும். அரபிகள் அதனை ‘யதுல் ஜவ்ஸா’, அதாவது ஜவ்ஸாவின் கை என்றனர். ஐரோப்பியர் மொழிபெயர்த்த காலத்தில் ‘யா’ என்னும் எழுத்தின் கீழுள்ள இரு புள்ளிகள் ஒன்றாய்த் தோன்ற, அது ‘பா’ ஆயிற்று. ‘பெட்டல்ஜூஸ்’ என்னும் பெயர் பிறந்தது. ஒரு புள்ளியின் பிழை இன்றளவும் நிலைத்துவிட்டது.

அவ்விண்மீனின் அகலத்தை 1920 டிசம்பரில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் மலையில் மைக்கல்சனும் பீஸும் அளந்தனர். தொலைநோக்கியின்மீது 20 அடி உத்தரம் ஒன்றைப் பொருத்தி, அதில் விலகி நின்ற இரு கண்ணாடிகள் ஏற்ற ஒளியை ஒன்றுசேர்த்தனர். இரு படகுகள் எழுப்பும் அலைகள் சந்திக்கையில் நீர் ஓரிடத்தில் உயர்ந்தும் ஓரிடத்தில் அடங்கியும் போவதைக் குப்பத்து மீனவர் நாள்தோறும் காண்கின்றனர். ஒளியும் அவ்வாறே வெண்கோடும் கருங்கோடுமாய்ப் பிரியும். கண்ணாடிகள் ஏறத்தாழ 10 அடி விலகியபோது அக்கோடுகள் மறைந்தன. அத்தொலைவைக் கொண்டே அகலத்தைக் கணித்தனர். அவர்கள் வட்டம் எதனையும் பார்க்கவில்லை. 1921இல் வெளியிட்ட கட்டுரைக்கும் ‘அளத்தல்’ என்றே தலைப்பிட்டனர்.

அதே முறை இன்று இளம் விண்மீன்களை நாடிச் செல்கிறது. சிலி நாட்டுப் பரனால் மலையில் நான்கு தொலைநோக்கிகள் பெற்ற அகச்சிவப்பு ஒளியை இணைத்து, 15 விண்மீன்களைச் சூழ்ந்த தூசித் தட்டுகளின் உள்விளிம்பை வானியலார் 2020இல் படங்களாக வெளியிட்டனர். நம் பூமி போன்ற கோள்கள் கருக்கொள்ளும் இடம் அது. ஆனால் கிடைத்த அளவுகள் சில. அவற்றுக்குப் பொருந்தும் படங்களோ பல. எத்தகைய படம் இயல்பானது என்று விதி வகுத்துக் கணிப்பொறிக்குக் கொடுத்தாலன்றி இடைவெளி நிரம்பாது. நடுவிலிருக்கும் விண்மீனையும் கணக்கில் கழித்தே தட்டை வெளிக்கொணர்ந்தனர்.

இதனைக் ‘கண்டோம்’ எனலாமா?

எனலாம் என்பதே நம் கருத்து. வெறுங்கண்ணால் பார்ப்பதிலும் நாம் உணராத அனுமானம் கலந்திருப்பதை இப்னுல் ஹைதம் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் எடுத்துரைத்துள்ளார். ஊகித்தல் குற்றமன்று, ஊகித்ததை மறைத்தலே குற்றம். அவ்வானியலார் தாம் அளந்தது எது, நிரப்பியது எவ்விதியால் என்பதைப் படத்தோடு சேர்த்தே எழுதி வைத்தனர்.

நாம் அவ்வாறு செய்யவில்லை. மதரஸாவில் ஓதிய நாட்களில், ஒரு ரமளான் 29ஆம் நாள் மாலை, இதே மணலில் மேற்கு நோக்கி நின்றோம். “அதோ பிறை! தெரிகிறதா தம்பி?” என்றார் பெரியவர் ஒருவர். “தெரிகிறது” என்றோம். கட்டடங்களுக்கு மேலே தெரிந்தது ஒரு மேகக்கீற்று. அன்று பிறை தென்படும் என்னும் கணக்கு நமக்கு முன்பே தெரியும்; எஞ்சியதை மனம் வரைந்து கொடுத்தது. சாட்சி சொன்னோருள் நம் பெயரும் சேர்ந்தது. மறுநாள் பெருநாள். வேறு ஊர்களிலும் பிறை தெரிந்த செய்தி பின்னர் வந்தது. கணக்கு சரியாகவே இருந்தது. நாமோ பிறையைக் காணவில்லை; அதனை இன்றுதான் எழுதுகிறோம்.