ஓரறிவுயிரும் பதினைந்து குதிரைச் சக்தியும்

பேஷ்வாக்களின் ஆட்சி அஸ்தமித்த காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் வந்து தங்கியதனால் கேம்ப் என்று பெயர் பெற்று, இன்றளவும் அந்தப் பெயரை விடாத புனேயின் கண்டோன்மெண்டுப் பகுதியில், ஓய்வு பெற்ற படை அதிகாரிகளுக்கும், மெயின் ஸ்ட்ரீட்டின் வர்த்தகர்களுக்கும், பட்டாளத்தின் பின்னோடு வந்து தலைமுறை தலைமுறையாக அங்கேயே வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கும் பொதுவான ஓர் ஆசை உண்டு: சாஸ்வட் பக்கமோ முள்ஷி பக்கமோ நாலைந்து ஏக்கர் நிலமும் அதன் நடுவே ஒரு வீடும். விவசாயி அல்லாதவர் விளைநிலம் வாங்குவதை 1948-ஆம் ஆண்டின் குத்தகைச் சட்டம் தடுத்திருப்பதால் பலருக்கு அந்த ஆசை ஆசையாகவே கழிந்துவிடுகிறது. பிதிரார்ஜிதமாகவோ வேறு நியாயமான வழியிலோ நிலம் கைக்கு வந்தவரை முதல் மழைக்காலத்திலேயே எதிர்கொண்டு நிற்பது புல். ஆனியில் கணுக்காலளவாக இருந்தது ஆவணியில் இடுப்பைத் தொடுகிறது. கையால் தள்ளும் புல்வெட்டி போதுமா, தோளில் மாட்டிக்கொள்ளும் பிரஷ் கட்டர் வேண்டுமா, பின்னால் ஸ்லாஷர் பூட்டிய மினி டிராக்டரே வாங்கிவிடலாமா என்ற விசாரம் அங்கே தொடங்குகிறது. கடைக்காரர் குதிரைச் சக்தியையும் டீசல் செலவையும் மாதத் தவணையையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்; ஒரு கிருஹஸ்தன் தன் நிலத்தில் எவ்வளவு ஹிம்சை செய்யலாம், அதைச் செய்வதற்கு எவ்வளவு சக்தியைத் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்பதை அவர் பேசமாட்டார். அது அவர் தொழிலுமன்று.

புல்லை அறுப்பதிலா ஹிம்சை என்று சிரிப்பவர்கள், தொல்காப்பியத்தின் மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று கணக்கில் சேர்த்திருப்பதையும், ஜைனர்கள் அவற்றை ஏகேந்திரிய ஜீவன்கள் என்று வகுத்திருப்பதையும் சற்றே நினைத்துக்கொள்ள வேண்டும். மழையில் தளிர்த்த பசும்புல்லை மிதித்து, சிற்றுயிர்களையும் நசுக்கிக்கொண்டு பிக்ஷுக்கள் திரிகிறார்களே என்று ஜனங்கள் முறையிட்ட பிறகுதான் புத்தர் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கியிருக்கும் விதியை ஏற்படுத்தினார் என்று பௌத்தர்களின் விநய நூல் கூறுகிறது. ஜைன முனிவர்களோ இன்றும் ஆஷாட மாதம் முதல் நான்கு மாதம் சாதுர்மாஸ்யம் இருந்து, ஊர் விட்டு ஊர் போவதை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். புல்லின்மேல் கால் வைக்கவும் அஞ்சி அவர்கள் நடையை நிறுத்துகிற அதே மாதங்களில்தான், ஊருக்கு வெளியே நம்முடைய யந்திரத்தின் கத்தி சுழலத் தொடங்குகிறது.

ஆயினும் துறவிக்கு விதித்ததை இல்லறத்தான் தலையில் ஏற்றுவது முறையன்று. ஏற்றச் சொன்னவர்களும் இல்லை. திருவள்ளுவர் கொல்லாமையைத் துறவறவியலில் வைத்தார். உழவுக்கோ பொருட்பாலில் தனியதிகாரமே கொடுத்தார். ஏர் பிடித்தவன் புழுவைக் கொல்லுகிறான் என்பது அவர் அறியாததன்று. ஜைனர்களும், வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப ஹிம்சை, வீட்டுக் காரியங்களில் நேரும் ஆரம்ப ஹிம்சை, ஜீவனோபாயத்தில் நேரும் உத்யோக ஹிம்சை, தற்காப்பில் நேரும் விரோத ஹிம்சை என்று நான்காகப் பிரித்து, இல்லறத்தானுக்கு முதலாவதை மட்டும் முற்றிலும் விலக்கினார்கள். மற்ற மூன்றையும் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சர்ச்சை முழுவதும் இந்தக் குறைத்துக்கொள்ளுதலில்தான் இருக்கிறது. பிழைப்புக்காகக் கரும்பு போடுகிறவனுடைய டிராக்டர் உத்யோகக் கணக்கில் சேரும். வாரத்தில் ஒருநாள் வந்து நாற்காலி போட்டு உட்காருவதற்காக நாலு ஏக்கரையும் பில்லியர்ட்ஸ் மேஜைபோல் மழித்துவைக்கிறவருடைய யந்திரம் எந்தக் கணக்கில் சேரும்? எனக்கென்னவோ அது சங்கல்பத்துக்கு மிகவும் அருகில் நிற்பதாகவே தோன்றுகிறது.

இரும்புமுனை பதித்த ஏர் பூமியையும் பூமியிலுள்ள ஜீவன்களையும் புண்படுத்துகிறது என்று சொல்லி, மனுஸ்மிருதி பிராமணனுக்கு உழுதொழிலை விலக்குகிறது. பெல்காமில் சைக்கிள் கடை வைத்திருந்து, பின்பு 1910-இல் கிர்லோஸ்கர்வாடியை நிறுவிய லக்ஷ்மணராவ் கிர்லோஸ்கர், தம்முடைய முதல் இரும்புக் கலப்பையைச் செய்துவிட்டு அதை விற்பதற்கு இரண்டு வருஷம் காத்திருந்தார். இரும்பு பட்டால் மண் விஷமாகிவிடும் என்று மராட்டிய விவசாயிகள் நம்பியதே காரணம். கைத்தொழில் சரித்திரம் எழுதுவோர் இதைக் குடியானவனுடைய மூட நம்பிக்கைக்கு உதாரணமாகக் காட்டி நகர்ந்துவிடுகிறார்கள். நான் அவ்வளவு சுலபமாக நகரமாட்டேன். விஷம் என்று அவன் சொன்னது ரசாயனப்படி தவறு. ஆனால் ஆழமாகக் கிழிப்பதற்கு முன் ஒரு கணம் தயங்க வேண்டும் என்ற புராதன உணர்ச்சி அந்தத் தவறான சொல்லுக்குள்ளே உயிரோடிருந்தது. நம்மிடம் சரியான ரசாயனம் இருக்கிறது, தயக்கம் இல்லை.

இந்த விஷயத்தில் என்னை நெடுங்காலமாக ஆட்கொண்டிருப்பது அசுவகோஷருடைய புத்தசரிதத்தில் வரும் ஒரு கட்டம். நகருக்கு வெளியே சென்ற இளவரசர் சித்தார்த்தர், உழுத சாலில் அறுபட்டுக் கிடக்கும் புல்லையும் மடிந்து கிடக்கும் பூச்சிகளையும் கண்டு, உறவினர் இறந்தாற்போல் துக்கப்படுகிறார். அதோடு நில்லாமல், வெயிலிலும் புழுதியிலும் கருகிய உழவர்களையும், நுகத்தடியில் இளைத்த மாடுகளையும் பார்த்து இரங்கி, நாவல் மரத்தடியில் தியானத்தில் அமர்கிறார். ஆக அவர் கண்டது மூன்று துன்பங்கள்: புழுவினுடையது, மனிதனுடையது, மாட்டினுடையது. டிராக்டர் என்ற யந்திரம் இவற்றில் பின்னிரண்டையும் பெரும்பாலும் போக்கி, முதலாவதைப் பன்மடங்கு பெருக்கிவிட்டது என்பதைத் தர்ம விசாரம் செய்கிறவர் எவரும் நேர்நின்று பார்க்க வேண்டும். உழும்போதும் புல் வெட்டும்போதும் அதன் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் வெள்ளை வெளேரென்று வரிசையாக நடந்து வருகின்றனவே, அந்தக் காட்சியை அழகு என்று படம் எடுத்துக்கொள்கிறோம். அவை வருவது, கலைந்தோடும் தவளைக்கும் வெட்டுக்கிளிக்கும் தத்துப்பூச்சிக்கும். முன்பு மாட்டின் பின்னால் நடந்த பறவைக்கு இன்று விருந்து பெரிது.

மாட்டின் துன்பம் போயிற்று என்றேன், மாடும் போய்க்கொண்டிருக்கிறது. தஞ்சாவூரில் பிறந்து காந்தியடிகளின் கிராமப் பொருளாதாரத்துக்கு ஆசானாக விளங்கிய ஜே. சி. குமரப்பா, டிராக்டர் உழுமே தவிரச் சாணம் போடாது என்று வாதித்ததை வெறும் வேடிக்கைப் பேச்சாகக் கொள்ளலாகாது. மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கிற சுழற்சி அறுந்துபோவதையே அவர் சுட்டினார். மகாராஷ்டிரத்தில் 2015 முதல் காளையையும் எருதையும் வெட்டுவது குற்றம். ஆனால் உழவில்லாத எருதுக்குத் தீனி போடுவது யார் கடமை என்பதைச் சட்டம் சொல்லவில்லை. 2023-இல் உச்ச நீதிமன்றம் நம் ஜல்லிக்கட்டையும் மராட்டியரின் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் ஒரே தீர்ப்பில் அனுமதித்தபோது, வேலை இழந்த மாட்டுக்கு விளையாட்டாவது மிஞ்சியதே என்று எண்ணிக்கொண்டேன்.

அப்படியானால் வெட்டாமலே விட்டுவிடுவது அஹிம்சையாகுமா என்றால், அதுவும் ஆகாது. ஐப்பசிக்குப் பின் அந்தப் புல் முழுவதும் காய்ந்து வைக்கோலாகிறது; மாசி, பங்குனியில் எவனோ எறிந்த ஒரு பீடித்துண்டு குன்று முழுவதையும் எரித்துவிடுகிறது. மராட்டியர் வணவா என்று சொல்லும் அந்தத் தீயில் ஓணானும் முட்டையும் கூடும் மரக்கன்றும் ஒருசேர வேகின்றன. எல்லையோரமாகவும் வீட்டைச் சுற்றியும் புல்லை வெட்டி வெறும் தரையாக வைத்திருப்பது அங்கே ஜீவகாருண்யத்தின் ஓர் அங்கம்.

எனவே, எந்த யந்திரம் என்று கேட்பவருக்கு என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜைன இல்லறத்தானுடைய விரதங்களில் ஒன்று பரிக்கிரக பரிமாணம், அதாவது இன்னதற்குமேல் உடைமை வைத்துக்கொள்வதில்லை என்று தானே அளவு கட்டிக்கொள்வது. குதிரைச் சக்தியைப் போல இந்த விரதம் பொருந்தும் உடைமை வேறில்லை. இரண்டு ஏக்கருக்குள் பிரஷ் கட்டர் ஒன்றும், மழை நாட்களில் கூலிக்கு வரும் இரண்டு ஆட்களும் தாராளமாகப் போதும். அந்தக் கூலி கிராமத்திலேயே தங்குகிறது என்பது கூடுதல் நியாயம். ஐந்தாறு ஏக்கரில் மாவும் சீத்தாவும் வைத்திருப்பவருக்கு மஹிந்திரா யுவராஜ் 215 போன்ற பதினைந்து குதிரைச் சக்தி வண்டி வரிசைகளுக்கிடையே புகுந்து வரும். ஆண்டில் பத்து நாள் வேலைக்கென்றால் அதையும் வாங்காமல் மணிக்கணக்கில் வாடகைக்கு அழைப்பதே உத்தமம். அதற்கு மேற்பட்ட சக்தி வீட்டுக்கு வந்தால் அது சும்மா இராது. ரொட்டவேட்டரைப் பூட்டு, அந்த மூலையையும் கிளறு என்று தன் வேலையைத் தானே தேடிக்கொள்ளும். முள்ஷியின் சரிவுகளில் குறுக்காக ஓட்டினால் சிறிய வண்டியும் கவிழும் என்பதை ஆள் உயிரைக் கருதியாவது மறக்க வேண்டாம்.

எதை வாங்கினாலும், ஓட்டுகிறவரிடம் மூன்று காரியங்கள் சொல்லிவையுங்கள். கத்தியைத் தரையிலிருந்து நாலு விரற்கடைக்குக் கீழே இறக்கவேண்டாம். ஆட்காட்டிக் குருவி கட்டாந்தரையிலேயே முட்டையிடும், அது கத்திக்கொண்டு சுற்றிப் பறந்தால் அந்த இடத்தை விட்டுவிடவேண்டும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வளைத்து வெட்டினால் உயிர்களெல்லாம் நடுவே சிக்கிக்கொள்ளும் ஆதலால், நடுவில் தொடங்கி வெளிநோக்கி வெட்டவேண்டும். இதற்கு டீசல் ஒரு சொட்டும் கூடுதலாகச் செலவாகாது.