அறப்பழி மறைத்தல் எதுவரை?

சென்ற கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி, சென்னையில் இதழியல் பயில்பவள், ஒருநாள் மாலை என்னிடம் ஒரு வினா எழுப்பினாள். "பாட்டி, பிறர் குற்றத்தை வெளியிடாமல் மறைப்பது அறம் என்று நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். மறைத்து வைக்கப்பட்ட குற்றத்தைத் தேடி எடுத்து ஊரறியச் செய்வதுதான் நான் கற்கும் தொழில். அப்படியானால் நான் கற்பது பாவத் தொழிலா?"

முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவளுக்கு விடை நாவிலேயே இருக்கும் என்று அவள் எண்ணியிருக்கக் கூடும். நான் உடனே விடை கூறவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதே வினா வேறு வடிவில் என்முன் வந்ததுண்டு. அன்று நான் தவறாக விடையளித்தேன்.

1982 ஜூலையில் தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் நான் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். ஊரின் பெயர் இங்கு வேண்டா. என் வகுப்புப் பதிவேட்டில் 41 பிள்ளைகள். நாள்தோறும் வருவோர் முப்பதைத் தாண்டார். ஆயினும் 41 பேரும் உண்டதாக உணவுப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்பது வாய்விட்டுச் சொல்லப்படாத ஏற்பாடு. அதன் கீழே நாள்தோறும் என் கையொப்பம். மிகுந்த அரிசி எங்குச் சென்றது என்பதை ஊரில் பலரும் அறிவர். அம்மட்டோடும் நிற்கவில்லை, வந்திருந்த முப்பது பேருக்கும் போதிய அரிசி உலையில் இடப்படவில்லை. இரண்டாம் முறை தட்டை நீட்டிய சிறுவன் ஒருவன், அகப்பை பானையின் அடியைச் சுரண்டும் ஓசை கேட்டதும், யாரும் சொல்லாமலே தட்டைத் தாழ்த்திக்கொண்டு திரும்பிச் சென்றதை இன்றும் என் கண்முன் காண்கிறேன்.

அந்த அமைப்பாளர் நம் சமயத்தவர். ஆலயத் திருப்பணிக்கு முன்நிற்பவர். மணமாகவேண்டிய பெண் ஒருத்தி வீட்டிலிருந்தாள். மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துக்கொண்டு, நான் மாமா என்று அழைத்து வந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சென்றேன். அவர் பொறுமையாகக் கேட்டபின் கூறினார்: "நீ சொல்வது மெய்யாகவே இருக்கலாம், அம்மா. ஆனால் மேலே எழுதிப் போட்டால் இழுக்கு அவனுக்கு மட்டுமா? நயினார் வீட்டுப் பிள்ளை அரிசி திருடினான் என்றுதானே ஊர் பேசும்? பழி மறைப்பது நம் அறமல்லவா? ஜினேந்திரபக்தர் கதை உனக்குத் தெரியாததா?"

கடிதத்தை அடுப்பிலிட்டேன். பதிவேட்டில் தொடர்ந்து கையொப்பமிட்டேன்.

ஜினேந்திரபக்தர் கதையை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்றாகிய உபகூகனத்திற்கு, அதாவது அறப்பழி மறைத்தலுக்கு, சமந்தபத்திரர் எடுத்துக்காட்டாக நிறுத்தும் வணிகர் அவர். அவர் மாளிகையின் சினாலயத்தில் முக்குடையில் பதித்திருந்த மணியைக் கவர எண்ணிய கள்வன் ஒருவன் நோன்பி வேடம் பூண்டு வந்து, மணியோடு ஓடுகையில் காவலரிடம் அகப்பட்டான். 'நான் கொண்டுவரச் சொன்ன மணியைத்தான் அவர் கொண்டுவந்தார்' என்று வணிகர் காவலரை அடக்கினார். நோன்பி ஒருவர் களவு செய்தார் என்ற பழி நெறியின் மீது விழாமல் காத்து, பின்னர்க் கள்வனைத் தனியே கடிந்து அனுப்பிவிட்டார்.

இக்கதையை எத்தனையோ முறை மாணவர்க்குக் கூறியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பின்னரே இதனை எழுத்தெண்ணிப் பயின்றேன் என்று சொல்ல வேண்டும். களவு போன மணி யாருடையது? ஜினேந்திரபக்தருடையது. தமக்கு நேர்ந்த இழப்பைத் தாமே பொறுத்தார். மணியும் அவரிடம் மீண்டது, கள்வனும் கடியப்பட்டான். என் செயலை இதனருகில் வைத்துப் பார்க்கிறேன். அரிசி என்னுடையதன்று. அது மீளவும் இல்லை. எடுத்தவரைத் தனியே அழைத்து ஒரு சொல் கடியவும் எனக்குத் துணிவு இருக்கவில்லை. பிறர் பொருளை எடுத்து வழங்கிவிட்டு அதற்கு ஈகை என்று பெயரிடுவது போன்றது, பிறர் இழப்பை நான் பொறுத்துக்கொள்வது.

இன்னொன்றும் உண்டு. அறியாமையாலும் இயலாமையாலும் சிலர் தவறுவதால் நன்னெறிக்கு வரும் பழியைத் துடைப்பதே உபகூகனம் என்று நூல் வரையறுக்கிறது. அறியாதார், இயலாதார் என்ற இச்சொற்களை நாம் விரைந்து கடந்து விடுகிறோம். சாவியைக் கையில் வைத்திருப்பவரும், பதிவேட்டை எழுதச் சொல்பவரும் இயலாதார் அல்லர். அங்கே இயலாதவன் தட்டோடு திரும்பிய சிறுவன்.

வாய்மை அணுவிரதத்திற்கு அதே நூல் ஐந்து குற்றங்களைக் கூறுகிறது: அவதூறு, மறையை வெளியிடல், கோள் சொல்லல், பொய்யாவணம் எழுதல், அடைக்கலமாக வைத்த பொருளைக் கவர்தல். பெரியவர் எனக்கு நினைவூட்டியவை முதல் மூன்று. நான் நாள்தோறும் செய்து வந்ததோ நான்காவது. ஐந்தாவதற்கு என் கையொப்பமே துணை. அரசின் கருவூலமும் மக்கள் அரசிடம் வைத்த அடைக்கலப் பொருளே. அப்பொருளுக்குக் கணக்குக் கேட்பதைப் புறங்கூறல் என்று எவ்வாறு சொல்வது? ராஜஸ்தானத்துச் சிற்றூர்களில் 1994 முதல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பினர் ஊர்ப் பொதுவில் கூலிப் பதிவேடுகளை உரக்கப் படித்தபோது, வேலையே செய்யாதவர் பெயருக்கும் கூலி எழுதப்பட்டிருந்தது வெளிவந்தது. 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்ததற்கு அக்கூட்டங்களும் ஒரு காரணம். என் பதிவேட்டை அவ்வாறு ஒருவர் படித்திருந்தால் என் பெயரும் அதில் ஒலித்திருக்கும்.

செய்தியாளர் அனைவரும் வாய்மை விரதியர் என்று நான் கூற வரவில்லை. 1940களில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் இந்துநேசன் என்ற இதழை நடத்தினார். நடிகர் நடிகையரின் அந்தரங்கமே அதன் சரக்கு. 1944 நவம்பரில் அவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டின் பயனாக 1947இல்தான் விடுதலையாயினர். கொலை எந்நிலையிலும் கொடிது. எனினும் அவ்விதழ் செய்தது நம் நூல் கூறும் முதல் மூன்று குற்றங்களேயன்றி வேறில்லை. ஒருவர் இல்லத்தின் மறையும் அலுவலகத்தின் மறையும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை நம் உச்ச நீதிமன்றம் 1994இல் நக்கீரன் இதழ் வழக்கில் தெளிவாக்கிற்று. ஆட்டோ சங்கர் என்ற மரண தண்டனைக் கைதி எழுதியதாகக் கூறப்பட்ட வாழ்க்கை வரலாற்றில் அதிகாரிகள் சிலருடன் அவனுக்கிருந்த தொடர்பு வெளிப்படும் என்ற நிலையில், வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கு உரிமை இல்லை என்று நீதிபதிகள் கூறினர். தனிவாழ்வுக்குப் பாதுகாப்பு உண்டு, அலுவற் கடமையில் செய்த செயலுக்கு அப்பாதுகாப்பு இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இம்மட்டில் பேத்திக்கு விடை கூறுவது எளிது. அரசு தவறினால் சுட்டிக்காட்டு, அந்தரங்கத்தைத் தொடாதே என்று கூறிவிடலாம். ஆனால் என்னை அன்று தடுத்தது அரசின் மீதிருந்த அச்சமன்று. 'நம்மவர்' என்ற ஒரு சொல்லே என்னைத் தடுத்தது. அச்சொல்லை எதிர்த்து நின்ற ஓர் ஆசிரியையைப் பற்றி இங்குக் கூறியாக வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவர் ராஜினி திராணகம. தொடக்கத்தில் விடுதலைப் புலிகளின் ஆதரவாளராக இருந்தவர். இங்கிலாந்தில் மேற்படிப்பு முடித்து, போர் நடந்து கொண்டிருந்த ஊருக்கே திரும்பினார். 1987 ஜூலை ஒப்பந்தத்தின்படி இந்திய அமைதிப்படை அங்குச் சென்றது; அக்டோபரில் அப்படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. மகாவீரர் வீடுபேறு எய்திய நினைவாக நாம் விளக்கேற்றும் தீபாவளியை ஒட்டிய அக்டோபர் 21, 22 ஆகிய நாள்களில், யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படையினரின் சூட்டில் நோயாளிகளும் மருத்துவரும் செவிலியருமாக அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

ராஜினியும் ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், க. ஸ்ரீதரன் ஆகிய மூவரும் அக்காலத்தில் நடந்தவற்றை எழுதி வைத்தனர். நால்வரும் ஆசிரியர்கள் என்பது எனக்குத் தனிப்பட்ட பெருமை. 1988இல் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பும் உருவாயிற்று. அவர்கள் எழுதிய நூல் தமிழில் முறிந்த பனை எனப் பெயர் பெற்றது. இலங்கை அரசின் கொடுமை அதில் உண்டு. இந்தியப் படையின் கொடுமையும், படையினரால் பெண்கள் அடைந்த துயரும் உண்டு. 1986இல் டெலோ இயக்கத்தினரைப் புலிகள் கொன்று குவித்ததும் உண்டு. எப்பக்கத்துக் குற்றத்தையும் மற்றப் பக்கத்துக் குற்றத்தைக் காட்டி அவர்கள் மறைக்கவில்லை.

1989 செப்டம்பர் 21 அன்று, பல்கலைக்கழகத்திலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்பிக் கொண்டிருந்த ராஜினி சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35, இரு பெண்குழந்தைகளின் தாய். கொன்றவர்கள் புலிகளே என்று உடன் எழுதிய ஆசிரியர்கள் பின்னர்க் கூறினர். மற்ற ஆசிரியர்களுள் சிலர் யாழ்ப்பாணத்தை விட்டு அகல நேர்ந்தும் எழுதுவதை நிறுத்தவில்லை. நூல் 1990இல் அமெரிக்காவில் அச்சாகி வெளிவந்தது.

இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அந்நாட்டுத் தமிழர் துயரம் எங்கள் வீட்டுத் துயரமாகவே இருந்தது. அந்நூலைப் பல ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு நண்பர் எனக்குப் படிக்கத் தந்தார். முதற்கண் எனக்குத் தோன்றியது என்ன? 'இதையெல்லாம் எழுதத்தான் வேண்டுமா? பகைவர் நகைக்க மாட்டார்களா?' என்ற எரிச்சலே. இந்தியப் படையைப் பற்றிய பக்கங்களில் இந்தியர் என்ற முறையிலும், புலிகளைப் பற்றிய பக்கங்களில் தமிழர் என்ற முறையிலும், இருமுறை அந்த எரிச்சல் மூண்டது. மூன்றாம் நாள் நூலை மூடி வைத்தபோதுதான் அக்குரலை அடையாளம் கண்டுகொண்டேன். வந்தவாசிப் பக்கத்து மாமாவின் குரல் அது. இப்போது என் தொண்டையிலிருந்து வந்தது.

ஒரு தடை எஞ்சுகிறது. அதனை மறைக்க மாட்டேன். பிறர்க்குக் கேடு விளைக்கும் மெய்யையும் சிராவகர் பேசலாகாது என்பது நம் நூற்கருத்து. ஒரு செய்தியால் ஓர் அதிகாரி வேலை இழப்பார். அவர் பிள்ளைகள் தலைகுனிவர். இது கேடன்றோ? கேடுதான். அந்த அமைப்பாளரின் மகளை நினைத்தே நான் அன்று வாய் மூடினேன் என்பதும் உண்மை. ஆனால் கேட்டினை நான் அளந்த முறையில் பிழை இருந்தது. ஒரு தட்டில் எனக்குப் பெயர் தெரிந்த ஒரு பெண்ணை வைத்தேன். மறுதட்டில் இருந்த பிள்ளைகளின் பெயர்கள் என் பதிவேட்டிலேயே இருந்தும் நான் அவற்றைப் படிக்கவில்லை. சொல்வதால் வரும் கேடு கண்ணுக்குத் தெரிகிறது. சொல்லாமையால் வரும் கேட்டுக்கு முகம் இருப்பதில்லை. அம்முகத்தைத் தேடிச் சென்று காட்டுவதே நல்ல செய்தியாளரின் வேலை என்று பேத்தியிடம் கூறினேன். எழுதும்போது மகிழ்ச்சி தோன்றினால் எழுதுகோலைக் கீழே வைத்துவிடு என்றும் கூறினேன். பகையோடு சொல்லும் மெய்யில் இம்சை கலந்துவிடும். ராஜினியின் எழுத்தில் நான் பகையைக் காணவில்லை, துயரத்தையே கண்டேன்.

அவள் ஊர் திரும்பிய பின்னரும் என் மனம் ஆறவில்லை. மகனுடன் இப்போது நான் வாழ்வது தேங்காய்த்திட்டில். ஊனுண்ணா நமக்கு மீன்பிடித் துறைமுகத்தின் அருகே குடியிருப்பு வாய்த்தது வினைப்பயன் போலும். காலை நடையின்போது அங்கே ஏலம் கூறும் குரல் காதில் விழும். கூடையின் விலையை ஒருவர் உரக்கக் கூற, சுற்றி நிற்போர் அனைவரும் கேட்கின்றனர். செய்யும் தொழில் எனக்கு உவப்பானதன்று. கணக்கு மட்டும் எல்லார் செவியிலும் விழுகிறது.

சென்ற தசலட்சண நோன்பு நிறைந்த பின், க்ஷமாவாணி நாளன்று, உறவினர் ஒவ்வொருவரிடமும் வழக்கம்போல் மன்னிப்பு வேண்டினேன். அன்றிரவு ஒரு தாளை எடுத்து, அந்த வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை நினைவிலிருந்து எழுதத் தொடங்கினேன். இருபத்தாறு பெயர்கள் வந்தன. தட்டைத் தாழ்த்திய சிறுவனின் பெயர் வரவில்லை.